பழைய டீசல் வேனின் பிரேக் பூஸ்டர்: பழுதை நாமே அறிவது எப்படி?

மலையகத்தில் வீடு ஓரிடத்திலும் காணி வேறோரிடத்திலுமாக வாழும் குடும்பங்கள் இன்று பல. 1977இலும் 1983இலும் வன்செயல்களால் பெயர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்ததைப் போன்ற அனர்த்தங்களால் லயத்தை விட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையிலும் மண்சரிவிலும் வீடிழந்தவர்களும் இருக்கிறார்கள். தற்காலிகக் குடியிருப்பில் இரவைக் கழித்துவிட்டு, விடியுமுன் பழைய காணிக்குப் போய், மாலையில் லீக்ஸ், கரட், கோவா மூட்டைகளோடு திரும்புவது இவர்களில் பலருக்கு அன்றாட வழக்கமாகிவிட்டது. இந்தப் போக்குவரத்துக்குப் பெரும்பாலும் உதவுவது நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய அல்லது வாடகைக்கு எடுத்த ஒரு பழைய டீசல் வேன்.

பழைய வேன் என்பதற்காக யாரையும் குறைசொல்ல முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வாகனங்களின் விலையே ஏறிப்போயிற்று. இருபது, முப்பது வருடங்கள் ஓடிய வேனையே நம் மக்கள் கடன்பட்டு வாங்கினார்கள். இயந்திரம் ஓடுகிறதா, புகை அடிக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த நம்மவர்கள், பிரேக்கை மட்டும் "பிடிக்கிறது" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடுகிறார்கள்.

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் மாணவர்களை ஏற்றி வந்த பஸ் ஒன்று இறக்கத்தில் ஒரு வேனையும் முச்சக்கரவண்டியையும் மோதியதில் 7 பேர் உயிரிழந்தனர். பஸ்ஸில் பிரேக் பிடிக்காமற் போனதாகவே அப்போது செய்திகள் கூறின. இறந்தவர்களில் 6 பேர் வேனில் வந்தவர்கள். ஒருவர் முச்சக்கரவண்டிச் சாரதி. பெரிய பஸ்களின் பிரேக் முறை நம் வேன்களின் முறையிலிருந்து பெரும்பாலும் வேறுபட்டது. ஆனால் இறக்கம் எல்லா வாகனத்துக்கும் ஒன்றுதான். அதோடு, பிரேக் இல்லாத வாகனத்தில் இருப்பவர்களை விட, எதிரே ஒரு தவறும் செய்யாமல் வருபவர்களே அதிகமாகப் பாதிக்கப்படலாம் என்பதையும் அந்த விபத்து காட்டுகிறது.

இக்கட்டுரை டீசல் வேன்களில் அடிக்கடி பலவீனமாகிவிடும் ஒரு பாகத்தைப் பற்றியது. அதன் பெயர் பிரேக் பூஸ்டர். அது எப்படி வேலை செய்கிறது, அது பலவீனமானதை எப்படிக் கண்டுபிடிப்பது, கராஜுக்குப் போகுமுன் நாம் எதைப் பார்க்கவேண்டும் என்பவற்றை ஒழுங்காகப் பார்ப்போம். சோதனைகளுக்குக் கருவி எதுவும் தேவையில்லை.

பூஸ்டர் என்ன செய்கிறது?

பிரேக் மிதிக்கு நேர் முன்னால், இயந்திரப் பக்கமாக, கறுப்பு நிறத்தில் பெரிய வட்டப் பேணி போல் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பூஸ்டர். அதன் முன்னால் பிரேக் ஒயில் போத்தலோடு பொருத்தப்பட்டிருப்பது மாஸ்டர் சிலிண்டர்.

பூஸ்டருக்குள் நடுவே ஒரு றப்பர்த் தோல், பேணியை முன் அறை, பின் அறை என்று இரண்டாகப் பிரிக்கிறது. கால் எடுத்திருக்கும்போது இரண்டு அறைகளிலிருந்தும் காற்று உறிஞ்சப்பட்டிருக்கும். நீங்கள் மிதியை அழுத்தியவுடன் ஒரு சிறு வால்வ் திறந்து, வெளிக்காற்றைப் பின் அறைக்குள் மட்டும் விடுகிறது. பின்னால் காற்று, முன்னால் வெற்றிடம். ஆகவே வெளிக்காற்றின் அழுத்தம் றப்பர்த் தோலை முன்னால் தள்ளுகிறது. உங்கள் காலோடு சேர்ந்து தள்ளும் இன்னொரு கால் இது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டாவது கால் எவ்வளவு பலமானது? 9 அங்குல விட்டமுள்ள பூஸ்டரின் பரப்பு ஏறக்குறைய 410 சதுர சென்ரிமீற்றர். நல்ல உறிஞ்சல் இருந்தால் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் 600 கிராமுக்கு மேல் தள்ளும். கணக்குப் பார்த்தால் மொத்தம் 250 கிலோவைத் தொடும். ஐந்து மூட்டை உருளைக்கிழங்கின் பாரம் உங்கள் காலுக்கு உதவியாக நிற்கிறது. அது இல்லாமற் போனாலும் பிரேக் முற்றாக அற்றுப்போகாது. ஆனால் முழுப் பாரத்தையும் உங்கள் கால் தனியாகத் தாங்கவேண்டிவரும்.

இம்முறையை உருவாக்கியவர் பெல்ஜியம் நாட்டவரான அல்பேர்ட் திவான்ட்ர். 1927இல் ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் இதைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. அன்று தொட்டு அடிப்படை மாறவில்லை.

டீசலுக்கு மட்டும் தனி பம்ப் ஏன்?

பெற்றோல் இயந்திரம் காற்றை இழுக்கும் வழியில் ஒரு தகடு இருக்கிறது. அது மூடியிருக்கும்போது அதற்குப் பின்னால் தானாகவே வெற்றிடம் உண்டாகும். பூஸ்டருக்கு வேண்டியதை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பழைய டீசல் இயந்திரங்களில் பெரும்பாலும் அத்தகடு இல்லை. காற்று தடையின்றி உள்ளே போகும். எனவே அங்கு வெற்றிடம் இல்லை. ஆகையால் வெற்றிடம் உண்டாக்குவதற்கென்றே தனியாக ஒரு வெக்குவம் பம்ப் வைக்கவேண்டியிருக்கிறது.

டொயோட்டா 2எல், 3எல் போன்ற பல பழைய இயந்திரங்களில் இந்தப் பம்ப் ஓல்டனேட்டரின் பின்புறத்தில் அதே தண்டில் சுழல்கிறது. அதற்கு வேண்டிய ஒயில், இயந்திரத்திலிருந்தே ஒரு சிறு குழாய் வழியாக வந்து, இன்னொரு தடித்த குழாய் வழியாகத் திரும்பிப் போகிறது. வேறு சில இயந்திரங்களில் பம்ப் கியரினால் சுழற்றப்படுகிறது.

இதிலிருந்து மூன்று விடயங்களை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

ஒன்று: பம்ப் ஓல்டனேட்டரோடு சேர்ந்திருக்கும் வேனில் பெல்ட் அறுந்தால் பற்றரி சார்ஜ் மட்டும் நிற்பதில்லை, பிரேக்கின் துணையும் நின்றுவிடுகிறது. ஆகவே ஓடும்போது பற்றரியின் சிவப்பு விளக்கு எரிந்தால் "வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்று ஓட்டக்கூடாது. உடனே ஓரங்கட்டி நிறுத்தவேண்டும்.

இரண்டு: இயந்திரத்தை நிறுத்தினால் பம்ப்பும் நின்றுவிடும். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று தடவை மிதிப்பதற்கே போதும். 2022 ஜூன் மாத இறுதியில் டீசல் லீற்றர் 460 ரூபாவைத் தொட்ட காலத்தில், இறக்கங்களில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உருளவிடும் பழக்கம் சிலரிடம் வந்தது. மிச்சமாவது சில கரண்டி டீசல். இழப்பதோ பூஸ்டர், கியரின் பிடிப்பு என்ற இரண்டு பாதுகாப்புகளையும்.

மூன்று: இயந்திர ஒயில் குறைந்தாலும் அழுக்கடைந்தாலும் பம்ப்பும் தேயும். ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவது பிரேக்கையும் கெடுக்கிறது.

மலையின் உயரமும் ஒரு காரணம்

பூஸ்டரைத் தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம் என்று சொன்னோம். மலையில் ஏற ஏற அந்த அழுத்தம் குறைகிறது. கடல் மட்டத்தில் அது 760 மில்லிமீற்றர் பாதரசம். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் அது ஏறக்குறைய 600தான். ஹட்டனில் 650 அளவில் இருக்கும். அதாவது கொழும்பில் 250 கிலோ துணை தரும் பூஸ்டர் நுவரெலியாவில் 200 கிலோவையே தரும். இது பழுது அல்ல, இயற்கை. ஆனால் ஏற்கனவே பலவீனப்பட்ட பூஸ்டருக்கு இது இன்னொரு அடி. கீழ்நாட்டில் வாங்கும்போது "பரவாயில்லை" என்று தோன்றிய பிரேக், கந்தப்பளைக்கும் இராகலைக்கும் வந்தபின் கல்லாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கராஜில் வெக்குவம் கேஜ் வைத்துப் பார்க்கும்போதும் இதை நினைவில் வையுங்கள். கொழும்பில் 650 காட்டும் நல்ல பம்ப் நுவரெலியாவில் 500 அளவில் காட்டும். அதைக் கண்டு பம்ப்பை மாற்றச் சொன்னால், ஒருமுறை நின்று யோசிக்கவேண்டும்.

இறுகுகிறதா? தாழ்கிறதா?

"பிரேக் சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. மிதி எப்படி இருக்கிறது என்று சொல்லவேண்டும். இதுவே முதற்கேள்வி.

மிதி கல் போல இறுகி, பலமாக அழுத்தினாலும் வேன் மெதுவாகவே நின்றால், பூஸ்டர் பக்கம் பாருங்கள்: பெல்ட், ஹோஸ், வால்வ், பம்ப், பூஸ்டர்.

மிதி பஞ்சு போல மெத்தென்று இருந்தால் அல்லது அடிவரை தாழ்ந்தால், அது பூஸ்டர் அல்ல. பிரேக் ஒயில் கசிவு, குழாய்க்குள் காற்று, மாஸ்டர் சிலிண்டர் றப்பர் தேய்வு, லைனர் இடைவெளி அதிகரிப்பு ஆகியவற்றில் ஒன்று.

காலையில் நன்றாகப் பிடித்து, நீண்ட இறக்கத்தின் பின் மட்டும் பிடிப்புக் குறைந்து, தீய்ந்த மணம் வந்தால் அது சூடேறியதால் வந்த பலவீனம். ஆறியபின் சரியாகிவிடும். சரியாகிவிட்டதே என்று மறந்துவிடக்கூடாது. ஓட்டும் முறையை மாற்றவேண்டும்.

இறுகிய மிதியில் ஓர் ஆபத்து உண்டு. அது ஒரே நாளில் வருவதில்லை. ஒவ்வொரு கிழமையும் சிறிது சிறிதாக இறுகும்போது சாரதியின் காலும் சிறிது சிறிதாகப் பழகிவிடுகிறது. "கொஞ்சம் இறுக்கந்தான் சுவாமி, பழகிப்போச்சு" என்று சொல்லும் தம்பிமார்கள் பலர். பழகியது கால்தான், வேன் நிற்கும் தூரம் கூடிக்கொண்டே போகிறது. ஆகவே, மாதத்துக்கு ஒருமுறை அந்த வேனை வழமையாக ஓட்டாத ஒருவர் மிதித்துப் பார்ப்பது நல்லது.

மூன்று சோதனைகள்

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு இவற்றைச் செய்யுங்கள். இறக்கத்தில் ஓட்டிச் சோதிப்பது சோதனை அல்ல; சூதாட்டம்.

முதலாவது சோதனை: துணை வருகிறதா? இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மிதியை ஐந்தாறு தடவை அழுத்துங்கள். மிச்சமிருந்த வெற்றிடம் தீர்ந்து மிதி இறுகும். இப்போது காலை ஒரே அளவாக அழுத்திப் பிடித்தபடி இயந்திரத்தை இயக்குங்கள். மிதி தானாகச் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையாமல் அப்படியே இருந்தால், வெற்றிடம் வரவில்லை அல்லது பூஸ்டர் கெட்டுவிட்டது.

இரண்டாவது சோதனை: துணை தங்குகிறதா? இயந்திரத்தை ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சில வினாடி இடைவெளி விட்டு, வழமையான பலத்தோடு மூன்று தடவை மிதியுங்கள். முதல் தடவை ஆழமாகவும், இரண்டாவது தடவை சற்று மேலேயும், மூன்றாவது தடவை இன்னும் மேலேயும் நிற்கவேண்டும். முதல் தடவையிலேயே இறுகியிருந்தால், உறிஞ்சப்பட்ட வெற்றிடம் எங்கோ ஓடிப்போய்விட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது சோதனை: அழுத்தும்போது கசிகிறதா? இயந்திரம் ஓடும்போதே மிதியை அழுத்திப் பிடியுங்கள். காலை எடுக்காமல் இயந்திரத்தை நிறுத்தி, 30 வினாடி அப்படியே இருங்கள். மிதி அசையக்கூடாது. காலை மேலே தள்ளினால் பூஸ்டர் பக்கம் கசிவு. மாறாக மிதி மெல்ல மெல்லத் தாழ்ந்தால் பிரேக் ஒயில் பக்கம் கசிவு.

இவற்றைச் செய்யும்போது மிதியடியில் காதைக் கொடுங்கள். கால் அழுத்திப் பிடித்திருக்கும்போது தொடர்ந்து "ஸ்ஸ்" என்ற சத்தம் வந்தால், உள்ளே றப்பர்த் தோல் கிழிந்திருக்கலாம் அல்லது உள்வால்வ் மூடாமலிருக்கலாம். அழுத்தும் கணத்தில் மட்டும் ஒரு சிறு மூச்சுச் சத்தம் வருவது இயல்பு.

பழுதைத் தேடும் ஒழுங்கு

சோதனையில் தவறினால் "பூஸ்டர் போய்விட்டது" என்று உடனே முடிவு கட்டவேண்டாம். பூஸ்டரும் பம்ப்பும் விலை கூடியவை. மலிவானவற்றிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கவேண்டும்.

1. பெல்ட்: தளர்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா, ஒயில் பட்டு வழுக்குகிறதா என்று பாருங்கள். பெல்ட் வழுக்கினால் பம்ப் போதிய வேகத்தில் சுழலாது.

2. ஹோஸ்: பம்ப்பிலிருந்து பூஸ்டர் வரை போகும் றப்பர்க் குழாயை முழுநீளமும் தடவிப் பாருங்கள். வளைவுகளிலும் கிளிப் இறுக்கிய இடங்களிலும் வெடிப்பு வரும். வேன்களில் இக்குழாய் நீளமானது. கண்ணுக்குத் தெரியாத இடங்களால் போகிறது. தண்ணீர்க் குழாயையோ டீசல் குழாயையோ வெட்டி மாட்டியிருந்தால் மாற்றுங்கள். மெல்லிய குழாய் உறிஞ்சலில் உட்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். வெளியே நல்லதுபோலவே தெரியும்.

3. ஒருவழி வால்வ்: இது பூஸ்டரின் வாயிலோ ஹோஸின் நடுவிலோ இருக்கும். கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்றுப் போகவேண்டும். பம்ப் பக்கத்திலிருந்து ஊதினால் போகக்கூடாது. இரண்டு பக்கமும் போனால் அது வால்வ் அல்ல, வெறும் குழாய். அம்புக்குறி இருந்தால் அது பம்ப் பக்கம் பார்க்கவேண்டும். திருப்பி மாட்டியிருந்தால் பூஸ்டருக்குத் துணையே வராது.

4. பம்ப்: ஹோஸைப் பூஸ்டர் பக்கம் கழற்றி, இயந்திரம் மெதுவாக ஓடும்போது ஹோஸின் வாயைப் பெருவிரலால் மூடுங்கள். சில வினாடிகளில் விரலை இறுக உறிஞ்சிப் பிடிக்கவேண்டும். விசிறியும் பெல்ட்டும் ஓடும் இடம் என்பதால் சட்டைக் கை, சேலைத் தலைப்பு, சால்வை எதுவும் தொங்கக்கூடாது. பெல்ட்டும் ஹோஸும் நல்லதாயிருந்தும் உறிஞ்சல் பலவீனமானால், பம்ப்பின் உள்தகடுகள் தேய்ந்திருக்கலாம் அல்லது ஒயில் வரும் சிறு குழாய் அடைத்திருக்கலாம். உறிஞ்சும் ஹோஸுக்குள் இயந்திர ஒயில் வடிந்திருந்தால், பம்ப்பையும் ஒயில் திரும்பும் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒயில் பூஸ்டருக்குள் போனால் றப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

5. பூஸ்டர்: உறிஞ்சல் பலமாகவும் வால்வ் நல்லதாகவும் இருந்து, சோதனைகளில் தவறினால் மட்டுமே பூஸ்டரைச் சந்தேகியுங்கள்.

6. மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்கம்: போத்தலில் பிரேக் ஒயில் குறைகிறது, ஆனால் சக்கரங்களிலோ குழாய்களிலோ கசிவு இல்லை என்றால், ஒயில் பின்வழியாகப் பூஸ்டருக்குள் போகிறது. இரண்டும் சேரும் இடத்துக்குக் கீழே ஈரமும் பெயின்ற் உரிந்த அடையாளமும் தெரியும். இப்படியிருக்கும்போது பூஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் சில மாதங்களில் கெடும். இரண்டையும் சேர்த்தே செய்யவேண்டும்.

பூஸ்டர் நல்லது, ஆனாலும் நிற்கவில்லை என்றால்

மூன்று சோதனைகளிலும் தேறிய வேனும் சரியாக நிற்காமலிருக்கலாம். அப்போது சக்கரங்களைப் பார்க்கவேண்டும். லைனர் சூடேறிக் கண்ணாடிபோல் பளபளத்திருக்கலாம். அதில் கிறீஸோ ஒயிலோ பட்டிருக்கலாம். வீல் சிலிண்டர் துருப்பிடித்து இறுகியிருக்கலாம்.

பல வேன்களில் பின் அக்சிலுக்கு மேலே ஒரு கம்பியோடு இணைந்த வால்வ் ஒன்று உண்டு. பாரம் கூடி வேன் தாழும்போது பின் பிரேக்குக்கு அதிக அழுத்தத்தை விடுவது அதன் வேலை. அது துருப்பிடித்து இறுகினாலோ, யாராவது கம்பியைக் கழற்றிக் கட்டி விட்டிருந்தாலோ, மூட்டை ஏற்றிய வேனில் பின் சக்கரங்கள் தம் பங்கைச் செய்யமாட்டா. காலியாக ஓட்டிப் பார்த்து வாங்கிய வேன், பாரத்தோடு வேறு வேனாக நடந்துகொள்வதற்கு இது ஒரு காரணம்.

பிரேக் ஒயிலையும் கவனிக்கவேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தபின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கலாம். டொட் 4 ஒயிலுக்கு இவை 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகி மிதி அடிவரை போய்விடும். ஆகவே இரண்டு வருடங்களுக்கு ஒருமுறையாவது முழுவதையும் மாற்றவேண்டும். ஒருபோதும் இயந்திர ஒயிலையோ ஸ்ரியரிங் ஒயிலையோ பிரேக் போத்தலில் ஊற்றக்கூடாது. எல்லா றப்பரும் ஊதிப்போகும்.

கராஜில் கேட்கவேண்டியவை

மெக்கானிக் பாஸ் நம்மை விட அதிகம் தெரிந்தவர். ஆனால் வேனைப் பார்க்குமுன்பே விலை சொல்லும் இடத்தில் சற்று நிதானிக்கவேண்டும். "மிதி இறுகுகிறது, முதலாவது சோதனையில் தேறவில்லை, ஹோஸில் உறிஞ்சல் பலமாக இருக்கிறது" என்று நீங்கள் சொன்னால், தேடும் நேரமும் கூலியும் குறையும். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டும்படி கேளுங்கள். அது சந்தேகம் அல்ல, உங்கள் உரிமை.

கழிவு வாகனங்களிலிருந்து எடுத்த பம்ப்பையோ பூஸ்டரையோ வாங்குவது நம் நிலையில் தவிர்க்க முடியாதது. வாங்கும்போது பூஸ்டரின் விட்டமும் தள்ளுகம்பியின் நீளமும் பழையதோடு ஒத்திருக்கவேண்டும். கம்பி நீளமாக இருந்தால் பிரேக் விடுபடாமல் இழுத்துப் பிடித்துச் சூடேறும். ஓல்டனேட்டர் மாற்றும்போது பம்ப் இல்லாத பெற்றோல் இயந்திரத்தினதை மாட்டிவிடக்கூடாது. புதிய பம்ப்பை இயக்குமுன் அதற்குள் சில துளி இயந்திர ஒயில் விடச் சொல்லுங்கள். டாஷ்போர்டில் வெக்குவம் குறைவைக் காட்டும் விளக்கு இருந்தால், அறுத்துவிட்ட வயரை மீண்டும் இணைக்கச் சொல்லுங்கள். அந்தச் சிறு விளக்கு பல உயிர்களுக்குக் காவல்.

ஓட்டும் முறை

எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குவது பழைய சாரதிமாரின் விதி. இறம்பொடையிலிருந்து கீழே வருபவருக்கும், கினிகத்தேனை இறக்கத்தில் போகிறவருக்கும் அதைவிட நல்ல விதி இல்லை. இயந்திரம் வேகத்தைப் பிடிக்கட்டும். பிரேக் இடையிடையே உதவட்டும். தொடர்ந்து மிதித்துக்கொண்டு இறங்கக்கூடாது. மணம் வந்தால் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான ட்ரம்மில் தண்ணீர் ஊற்றவேண்டாம்; வெடித்துவிடும்.

ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் காலைகளில் ஒயில் தடித்திருக்கும். பம்ப் வெற்றிடம் உண்டாக்கச் சற்று நேரமெடுக்கும். இயக்கியவுடன் வேனை எடுக்காமல், மிதி இலகுவானபின் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள்.

இறக்கத்தில் பிரேக் தவறிவிட்டால் செய்யவேண்டியது மிதியைப் பொறுத்தது. இதை வீட்டில் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கவேண்டும்.

மிதி இறுகியிருந்தால், திரும்பத் திரும்ப மிதிக்காதீர்கள். ஒவ்வொரு மிதியும் மிச்சமுள்ள வெற்றிடத்தைத் தின்றுவிடும். இரண்டு காலாலும் ஒரே மிதியாக, முழுப் பலத்தோடு, விடாமல் அழுத்துங்கள்.

மிதி தாழ்ந்தால், விரைவாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். ஒயில் திரண்டு சிறிதாவது பிடிக்கும்.

இரண்டிலும், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள்; நியூட்ரலுக்கு விடாதீர்கள்; இயந்திரத்தை நிறுத்தாதீர்கள். ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். ஹோர்னை அடித்துக்கொண்டே, பள்ளத்துப் பக்கம் அல்லாமல் மலைப்பக்க மண்மேட்டோடு உரசி நிறுத்தப் பாருங்கள். வேன் சேதமாகட்டும், அதைத் திருத்தலாம்.

யார் பொறுப்பு?

புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும், இல்லையேல் அங்கிருந்து விழுகிறவனின் இரத்தப்பழி அந்த வீட்டின்மேல் வரும் என்ற கட்டளை இணைச்சட்ட நூலில் இருக்கிறது. விழுகிறவன் கவனமாக நடந்திருக்கலாமே என்று அச்சட்டம் வாதாடவில்லை. சுவரை எழுப்பவேண்டிய கடமை வீட்டுக்காரனுடையது என்று மட்டும் சொல்லுகிறது. வேன் வைத்திருப்பவர்களுக்கும் அதே சட்டம்தான்.

நம்மிடையே நடப்பது வேறு. வேன் ஐந்து குடும்பங்களுக்குச் சொந்தம். ஓட்டுவது அவர்களில் ஒருவரின் மகன் அல்லது கூலிக்கு வந்த இளைஞன். பிரேக் இறுகுவது முதலில் அவனுக்கே தெரியும். ஆனால் மரக்கறி அழுகிவிடும், தம்புள்ளைச் சந்தை தவறிவிடும், கடன் தவணை வருகிறது என்று பெரியவர்கள் சொல்லும்போது, "இன்று வேன் போகாது மாமா" என்று சொல்லும் துணிவு அவனுக்கு எங்கிருந்து வரும்? ஆகவே வேனைக் கூட்டாக வைத்திருக்கும் ஒவ்வொரு குழுவும் ஒரு விதியை எழுதிக் கையொப்பமிடுவது நல்லது: பிரேக்கைப் பற்றிச் சாரதி சொல்லும் சொல்லே முடிவு, அன்றைய நட்டத்தை எல்லாக் குடும்பங்களும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். நட்டம் ஒருவன் தலையில் விழாது என்றால் உண்மை சொல்வது இலகுவாகும்.

அதோடு, மாதத்தின் முதல் ஞாயிறு திருப்பலி முடிந்தபின் வளாகத்திலேயே மூன்று சோதனைகளையும் செய்து, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பத்து நிமிட வேலை. பெண்களும் இளைஞரும் இதைக் கற்றுக்கொள்ளட்டும். மூட்டைகளின் மேல் பிள்ளையை மடியில் வைத்துப் பயணம் செய்கிறவர்கள் அவர்களே. ஒவ்வொரு பயணத்திலும் சேரும் பணத்தில் ஒரு சிறு தொகையைப் பிரேக் நிதியாகத் தனியே ஒதுக்குங்கள். ஹோஸும் பெல்ட்டும் வாங்குவதற்குக் கடன் கேட்கவேண்டிய நிலை வரக்கூடாது.

மண்சரிவையும் புயலையும் நம்மால் தடுக்க முடியவில்லை. வேனின் பிரேக் நம் கையில் இருக்கிறது. இந்த மாதமே ஒருநாள் கல் வைத்து, இயந்திரத்தை நிறுத்தி, மிதியை ஐந்தாறு தடவை அழுத்திப் பாருங்கள்.